பெரிய எண்ணைப் பகாக் காரணிகளாக உடைப்பது: எந்தப் படி முதலில், எங்கே நிறுத்துவது

கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் மாலை வகுப்புக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கணக்கு வராமல் இதில் சிக்குகிறவர்கள் குறைவு. பெரும்பாலும் படிகளை வரிசை மாற்றிச் செய்துதான் சிக்குகிறார்கள். “க்கா, நைட்டெல்லாம் ஓடினே கீது, இன்னும் முடில” என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். திறந்து பார்த்தால், பகா எண் ஒன்றைக் கொடுத்து உடைக்கச் சொல்லியிருப்பார்கள். எப்படி முடியும்?

ஓர் எண்ணை உடைப்பது கடினமா எளிதா என்பது அதன் நீளத்தை மட்டும் பொறுத்ததல்ல. அதன் பகாக் காரணிகளில் இரண்டாவது பெரியது எவ்வளவு பெரியது என்று பாருங்கள். 100 இலக்க எண்ணாக இருந்தாலும், ஒரு காரணியைத் தவிர மற்றதெல்லாம் சிறியவை என்றால் நொடியில் முடியும். 40 இலக்கமே இருந்தாலும், இரண்டு 20 இலக்கப் பகா எண்களின் பெருக்கல் என்றால் வகுத்து வகுத்துப் பார்ப்பவரின் ஆயுள் போதாது. கையில் உள்ள எண் எந்த வகை என்று முன்கூட்டியே தெரியாது. அதனால் செலவு குறைந்த சோதனையில் தொடங்கிச் செலவு கூடிய சோதனைக்குப் போகிறோம். கீழே உள்ள வரிசை அப்படி வந்ததுதான்.

தொடங்கும் முன்

அரசு கொடுத்த பழைய இலவச லேப்டாப் போதும். அதில் பைத்தான் 3 இருக்க வேண்டும். பைத்தானில் முழு எண்ணுக்கு நீள வரம்பு இல்லை என்பதால்தான் அதைச் சொல்கிறேன். சி மொழியில் எழுதினால் 64 பிட்டைத் தாண்டியதும் தனியாக ஒரு நூலகம் தேடிப் போக வேண்டியிருக்கும்.

கணக்கில் இரண்டு விஷயங்கள் தெரிந்தால் போதும்: யூக்ளிடின் வழியில் மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி) காண்பது, மட்டு எண்கணிதம் (வகுத்து வரும் மீதிகளை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவது). இரண்டும் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ பாடத்தில் இருக்கின்றன. மறந்திருந்தால் ஒரு மாலை உட்கார்ந்து திரும்பப் பாருங்கள். மீ.பொ.வ. காண்பது நூற்றுக்கணக்கான இலக்கம் உள்ள எண்களுக்கும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். காரணி காண்பது அப்படி முடியாது. பின்னால் வரும் முறைகள் எல்லாமே கடினமான இந்த வேலையை ஏதாவது ஒரு வழியில் மீ.பொ.வ. கணக்காக மாற்றப் பார்க்கின்றன.

உடைக்க வேண்டிய எண்ணை ந என்றும், அதற்குள் ஒளிந்திருக்கும் பகாக் காரணியை ப என்றும் சொல்கிறேன்.

1. எண்ணைப் பழுதில்லாமல் உள்ளே கொண்டுவருவது

இது ஒரு படியா என்று தோன்றும். ஆனால் பாதிப் பேர் இங்கேயே தவறான எண்ணை உடைக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

எக்செலில் எண்ணை ஒட்டாதீர்கள். அது 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும், 16-வது இலக்கத்திலிருந்து பூஜ்ஜியம் போட்டுவிடும். போன் கால்குலேட்டரும் பெரிய எண்ணைச் சுருக்கித்தான் காட்டும். வாட்ஸப்பில் வந்த எண்ணில் நடுவே காற்புள்ளியோ இடைவெளியோ புகுந்திருக்கலாம். பைத்தானில் ஒட்டிய பிறகு எத்தனை இலக்கம், கடைசி நான்கு இலக்கம் எவை என்று மூலத்தோடு ஒப்பிட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இன்னொன்று, நிரலில் எங்கேயும் ஒற்றைச் சாய்கோட்டு வகுத்தல் வரக்கூடாது. அது விடையைத் தசம எண்ணாக மாற்றிவிடும், 16 இலக்கம் அளவுக்கு மேல் துல்லியம் போய்விடும். இரட்டைச் சாய்கோட்டு வகுத்தல்தான் முழு எண்ணாகவே வைத்திருக்கும். வர்க்கமூலத்துக்கும் இதே கதைதான். மேத் தொகுப்பில் முழு எண் வர்க்கமூலத்துக்குத் தனி ஃபங்ஷன் இருக்கிறது, அதையே எடுங்கள்.

2. சிறிய பகா எண்களால் வகுத்துத் தள்ளுவது

முதலில் எரடோஸ்தனிஸ் சல்லடையால் (ஒவ்வொரு பகா எண்ணின் மடங்குகளையும் அடித்துக்கொண்டே போகும் முறை) 10 லட்சம் வரையுள்ள பகா எண்களைப் பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 78,498 வரும். ஒருமுறை செய்து கோப்பில் சேமித்துவிட்டால் எல்லா எண்ணுக்கும் அதுவே உதவும்.

பழகுவதற்கு நம் பகுதி பின்கோடுகள் நல்ல எண்கள். பழைய வண்ணாரப்பேட்டை 600021. இலக்கங்களைக் கூட்டினால் 9, ஆகவே 3-ஆல் வகுபடும். ஒரு முறை வகுத்ததும் பலர் 5-க்குப் போய்விடுவார்கள். போகாதீர்கள். அதே 3-ஆல் வகுபடும் வரை வகுக்க வேண்டும். மூன்று முறை போகும், மீதம் 22223. அடுத்து 71-ல் உடையும், மீதம் 313. இங்கே நிறுத்தலாம். 71-இன் வர்க்கம் 5041, அது 313-ஐவிடப் பெரியது. 313-க்கு வேறு காரணி இருந்தால் அது இதற்குள் அகப்பட்டிருக்கும். ஆகவே 600021 = 3³ × 71 × 313.

ஒரு காரணி கிடைத்த உடனே ந-வை அதனால் வகுத்துச் சிறிதாக்கி, வர்க்கமூல எல்லையையும் புதிதாகப் போடுவது முக்கியம். பழைய எல்லையிலேயே ஓடவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் வீண் வேலை. அதைவிட மோசம் வர்க்கமூலத்தோடு நிற்காமல் ந வரைக்கும் ஓடுவது.

ராயபுரம் 600013-ஐ எடுத்தால் 16-வது பகா எண்ணான 53-லேயே உடைந்துவிடும்: 53 × 11321. பெரம்பூர் 600011 உடையவே உடையாது, அது பகா எண். ஆனால் அதை வகுத்துப் பார்த்து நிரூபிக்க 773 வரையுள்ள 137 பகா எண்களையும் ஒவ்வொன்றாக முயன்றாக வேண்டும். பக்கத்துப் பக்கத்து எண்கள், வேலையில் இவ்வளவு வித்தியாசம்.

இதையே பெரிதாக்கிப் பாருங்கள். நொடிக்கு ஒரு கோடி வகுத்தல் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு 10 இலக்கப் பகா எண்களைப் பெருக்கிய 20 இலக்க எண்ணுக்கு அதிகபட்சம் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். 40 இலக்கத்துக்கு 3 லட்சம் ஆண்டுக்கு மேல். 50 இலக்கத்துக்கு 3,000 கோடி ஆண்டைத் தாண்டும், பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடிதான். வேகமான கம்ப்யூட்டர் வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆயிரம் மடங்கு வேகம் கிடைத்தாலும் 6 இலக்கம்தான் கூடுதலாகப் போக முடியும்.

அதனால் 10 லட்சத்தோடு வகுப்பதை நிறுத்திவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

3. மிஞ்சியது பகா எண்ணா என்று கேட்பது

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு யாரும் மேலே போகக் கூடாது. ‘இது பகா எண்ணா’ என்ற கேள்விக்கு வேகமாகப் பதில் கிடைக்கும், ‘இதன் காரணிகள் என்ன’ என்பதற்குக் கிடைக்காது. இரண்டும் ஒரே கேள்வி என்று நினைப்பதுதான் புதியவர்களின் பெரிய குழப்பம். காரணி எதையும் காட்டாமலேயே ‘இது பகு எண்’ என்று உறுதியாகச் சொல்லிவிட முடியும். ஐஐடி கான்பூரைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் 2002-ல் கொடுத்த முறை, பகா எண் சோதனையை இலக்க எண்ணிக்கையின் பல்லுறுப்புக் கோவை அளவு நேரத்துக்குள் (அதாவது இலக்கம் கூடினாலும் நேரம் கட்டுக்கடங்காமல் ஏறாமல்) சந்தேகமின்றி முடிக்கலாம் என்று நிரூபித்தது. காரணி காண அப்படியொரு முறை சாதாரணக் கம்ப்யூட்டருக்கு இன்றுவரை யாரிடமும் இல்லை.

அன்றாட வேலைக்கு மில்லர்–ராபின் சோதனை போதும். ந பகா எண் என்றால், அதனால் வகுபடாத எந்த எண்ணையும் ந − 1 என்ற அடுக்குக்கு உயர்த்தி ந-ஆல் வகுக்க மீதி 1 வரும்; அப்படி வருகிறதா என்று பார்ப்பது ஃபெர்மாவின் எளிய சோதனை. அது மட்டும் ஏன் போதாது என்பதற்கு நல்ல உதாரணம் 1729. ராயபுரத்தில் ராமானுஜன் பெயரில் அருங்காட்சியகமே இருப்பதால் இங்கே பிள்ளைகளுக்கு இந்த எண் மனப்பாடம். ஆனால் அது 7 × 13 × 19 என்பதைக் கேட்டால் யோசிப்பார்கள். இந்த மூன்றாலும் வகுபடாத எந்த எண்ணை எடுத்து 1728-வது அடுக்குக்கு உயர்த்தினாலும் 1729-ஆல் வகுக்க மீதி 1 வரும். பகா எண்ணைப் போலவே வேடம் போடும்.

மில்லர்–ராபின் அந்த வேடத்தைக் கலைத்துவிடும். 1728 = 64 × 27. முதலில் 2-இன் 27-வது அடுக்கை 1729-ஆல் வகுத்தால் மீதி 645. அதை வர்க்கப்படுத்தினால் மீதி 1065. அதையும் வர்க்கப்படுத்தினால் மீதி 1. பகா எண்ணாக இருந்தால், வர்க்கம் 1 ஆவதற்கு முந்தைய மீதி 1 ஆகவோ 1728 ஆகவோ மட்டுமே இருக்க முடியும். இங்கே 1065 நிற்கிறது. ஆகவே பகு எண். இந்த 1065-ஐ நினைவில் வையுங்கள், எட்டாம் படியில் திரும்ப வேண்டியிருக்கும்.

64 பிட்டுக்குள் அடங்கும் எண் என்றால் 2 முதல் 37 வரையுள்ள 12 பகா எண்களையும் அடியாக (மேலே 2-ஐ வைத்ததுபோல் அடுக்குக்கு உயர்த்தும் எண்ணாக) வைத்துச் சோதித்தால் விடை உறுதி. அதைவிடப் பெரிய எண்ணுக்கு ‘பகு எண்’ என்று வந்தால் உறுதி. ‘பகா எண்’ என்று வந்தால் தவறுக்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு, அவ்வளவுதான்.

இங்கே வழக்கமான தவறு, அடுக்கை முழுக்கக் கணக்கிட்டுவிட்டுக் கடைசியில் மீதி எடுப்பது. லேப்டாப் உறைந்துபோகும். பைத்தானின் பவ் ஃபங்ஷனுக்கு மூன்றாவதாக ந-வையும் கொடுத்தால் ஒவ்வொரு பெருக்கலிலும் மீதி எடுத்துக்கொண்டே போகும்.

4. முழு அடுக்கா, நெருங்கிய காரணிகளா

பகு எண் என்று தெரிந்ததும், அது ஏதாவது எண்ணின் வர்க்கமா, கனமா, அதற்கு மேற்பட்ட அடுக்கா என்று பாருங்கள். ஒரு நொடி வேலை. ஏன் இப்போதே என்றால், ஒரே பகா எண்ணின் அடுக்கு அடுத்து வரும் முறைகள் சிலவற்றைச் சுற்றலில் விட்டுவிடும்.

அப்புறம் ஃபெர்மாவின் வர்க்க வித்தியாச முறை. அ² − ஆ² = (அ + ஆ)(அ − ஆ) என்பது எட்டாம் வகுப்புக் கணக்கு. ந-வின் வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணில் தொடங்கி, அ² − ந ஒரு முழு வர்க்கமா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

1874-ல் ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயர் 8616460799-ஐக் காட்டி, எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும் என்று தன்னைத் தவிர யாரும் கண்டுபிடிப்பது கடினம் என்றார். அ-வை 92825-ல் தொடங்குங்கள். 56-வது முயற்சியில் 92880 வரும்போது மிச்சம் 10233601, அது 3199-இன் வர்க்கம். ஆகவே காரணிகள் 96079, 89681. பொறுமை இருந்தால் கையாலேயே போடலாம்.

காரணிகள் இரண்டும் நெருக்கமாக இருந்தால் மட்டும்தான் இது பலிக்கும். சில ஆயிரம் முயற்சியோடு விட்டுவிடுங்கள். அப்படி யார் நெருக்கமான எண்களை எடுப்பார்கள் என்று கேட்காதீர்கள். சில பிரின்டர்கள் உருவாக்கிய ஆர்எஸ்ஏ சாவிகள் (இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கலை வைத்துத் தகவலைப் பூட்டும் எண்கள்) இதே முறையில் உடைந்தது 2022-ல் வெளியே வந்தது.

கையில் ஒன்றுக்கு மேற்பட்ட பெரிய எண்கள் இருந்தால், இரண்டிரண்டாக மீ.பொ.வ. பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான். இரண்டுக்கும் பொதுவாக ஒரு பகா எண் அகப்பட்டால் இரண்டுமே உடைந்துவிடும். இணையத்தில் புழங்கிய ஆர்எஸ்ஏ சாவிகளில் பல இப்படிப் பொதுக் காரணியோடு இருந்ததை 2012-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

5. போலார்டின் ரோ முறை

10, 12 இலக்கம் வரையுள்ள காரணிகளுக்கு இதுதான் சரியான கருவி. எழுத இருபது வரி போதும்.

ஓர் எண்ணை எடுத்து, வர்க்கப்படுத்தி, 1 கூட்டி, ந-ஆல் வகுத்து மீதியை எடுங்கள். அந்த மீதியை வைத்து மறுபடி அதையே செய்யுங்கள். 600013-ஐ 2-ல் தொடங்கினால் 2, 5, 26, 677, 458330, 37562, 273282, 33428 என்று போகும். பார்க்க ஒழுங்கே இல்லை. இதே எண்களை 53-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள்: 2, 5, 26, 41, 39, 38, 14, 38. மேலே இன்னும் போனால் 14, 38, 14, 38 என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

53 என்ன என்று நமக்கு முன்பே தெரியாது, ஆனால் அது தேவையும் இல்லை. மீதி ஒன்றாக உள்ள இரண்டு எண்களின் வித்தியாசம் 53-ஆல் வகுபட்டாக வேண்டும். 37562 − 33428 = 4134. இதற்கும் 600013-க்கும் மீ.பொ.வ. 53. காரணி தானாக வெளியே வந்துவிட்டது.

மீதிகள் இவ்வளவு சீக்கிரம் திரும்ப வருவதற்குக் காரணம், 23 பேர் இருக்கும் அறையில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் வர வாய்ப்பு பாதிக்கு மேல் என்கிறார்களே, அதே கணக்கு. ப அளவுக்கு அல்ல, ஏறக்குறைய ப-வின் வர்க்கமூலம் அளவுக்குத்தான் படிகள் வேண்டும். 2-இன் 67-வது அடுக்கிலிருந்து 1 குறைத்தால் வரும் 147573952589676412927-ஐ எடுங்கள். அதன் சிறிய காரணி 193707721, பெரியது 761838257287. வகுத்துப் பார்க்கும் வழியில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பகா எண்களைக் கடக்க வேண்டும். ரோவில் சில பத்தாயிரம் படிகள்.

இங்கே கவனிக்க வேண்டியவை சில. ஒவ்வொரு படியிலும் மீ.பொ.வ. எடுக்காதீர்கள், நேரம் அதிலேயே போய்விடும். நூறு வித்தியாசங்களை ந மட்டுவில் பெருக்கிக்கொண்டே போய் ஒரு முறை எடுங்கள். விடை ந-வாகவே வந்தால் எல்லாக் காரணியும் ஒரே கொத்தில் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம், அந்த நூறை மட்டும் ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்யுங்கள். அப்படியும் வராவிட்டால் கூட்டும் 1-ஐ 3 ஆகவோ 5 ஆகவோ மாற்றுங்கள். 0, −2 இரண்டும் ஆகாது, அவற்றில் மீதிகள் கலையாமல் ஓர் ஒழுங்குக்குள் விழுந்துவிடும். ஒவ்வொரு படியையும் திரையில் அச்சிடுவதும் வேண்டாம். கணக்கை விட அச்சிடுவதற்கே அதிக நேரம் போகும்.

6. ப − 1 முறை

இதுவும் போலார்டுடையதுதான். பல சமயம் பலிக்காது, பலித்தால் 30 இலக்கக் காரணியைக்கூட நொடியில் கொண்டுவந்துவிடும்.

ப-ஆல் வகுபடாத எந்த எண்ணையும் ப − 1 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் ப-ஆல் வகுக்க மீதி 1. ப − 1 முழுக்கச் சிறிய பகா எண்களால் ஆனதாக இருந்தால், அந்தச் சிறிய எண்களையெல்லாம் அடுக்காகப் போட்டு உயர்த்தி, 1 கழித்து, ந-வோடு மீ.பொ.வ. எடுத்தால் ப வந்துவிடும். மேலே சொன்ன 193707721-இல் 1 குறைத்தால் 2³ × 3³ × 5 × 67 × 2677. ஆகவே அடுக்காகப் போடும் சிறிய எண்களுக்கு எல்லையை 2677 என்று வைத்தாலே அந்த 21 இலக்க எண் உடைந்துவிடும்.

2³, 3³ என்ற அடுக்குகளைப் பாருங்கள். பிள்ளைகள் ஒவ்வொரு பகா எண்ணையும் ஒரே முறை அடுக்காகப் போட்டுவிட்டு ‘வரவில்லை’ என்பார்கள். எல்லையைத் தாண்டாத மிகப் பெரிய அடுக்கு வரை போட வேண்டும்.

இன்னொரு பொறி: இந்த எண்ணுக்கு 2-ஐ அடியாக எடுக்காதீர்கள். 2-இன் 67-வது அடுக்குக்கு மீதியே 1 என்பதால் எல்லாக் காரணியும் ஒன்றாக வந்து, விடை ந-வாகவே நிற்கும். 3-ஐ எடுங்கள்.

7. எலிப்டிக் கர்வ் முறை

1980-களில் ஹென்றிக் லென்ஸ்ட்ரா கொடுத்தது, சுருக்கமாக ஈசிஎம். ப − 1 முறையில் ப − 1 சாதகமாக அமையாவிட்டால் வேறு வழியில்லை. ஈசிஎம்மில் கணக்கை எலிப்டிக் கர்வ் என்ற ஒருவகை வளைவின்மேல் நடத்துகிறோம். ஒரு வளைவு பலிக்காவிட்டால் வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு வளைவும் ப − 1-க்குப் பதில் பக்கத்திலுள்ள வேறோர் எண்ணைத் தரும். அவற்றில் ஏதாவது ஒன்று சிறிய காரணிகளாகச் சிதறினால் போதும்.

இதை நீங்களே எழுத வேண்டாம். ஜிஎம்பி-ஈசிஎம் என்ற இலவசக் கருவி இருக்கிறது. எல்லையைத் தேர்வதில்தான் பிழை நடக்கிறது. 20 இலக்கக் காரணியைத் தேட 11,000, 25-க்கு 50,000, 30-க்கு 2.5 லட்சம், 35-க்கு 10 லட்சம் என்று வையுங்கள். 25 இலக்கத்துக்குச் சுமார் 200 வளைவு, 30-க்குச் சுமார் 430, 35-க்குச் சுமார் 900 ஓட வேண்டும். எடுத்தவுடன் பெரிய எல்லையைப் போட்டு ஐந்தாறு வளைவு ஓட்டிவிட்டு நிறுத்துவதில் பயனில்லை. சின்ன எல்லையை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் முறை.

8. சல்லடை முறைகள்

இதுவரை சொன்னவை சிறிய காரணியைத் தேடும் முறைகள். எதிலும் மசியவில்லை என்றால், ந இரண்டு பெரிய பகா எண்களால் ஆனது என்று எடுத்துக்கொண்டு சல்லடைக்குப் போகலாம். இங்கே நேரத்தைத் தீர்மானிப்பது காரணியின் அளவு அல்ல, ந-வின் இலக்க எண்ணிக்கை. அதனால்தான் இது கடைசியில் வருகிறது. 90 இலக்க எண்ணில் 12 இலக்கக் காரணி ஒன்று இருந்திருந்தால், அதை ரோவிலேயே எடுத்துவிட்டு 78 இலக்கத்தை மட்டும் இங்கே கொண்டுவந்திருக்கலாம்.

மூன்றாம் படியில் பார்த்த 1065 இப்போது உதவும். 1065-இன் வர்க்கமும் 1-இன் வர்க்கமும் 1729-ஆல் வகுக்க ஒரே மீதியைத் தந்தன. 1065 − 1 = 1064-க்கும் 1729-க்கும் மீ.பொ.வ. 133, மற்றது 13. அங்கே அந்த ஜோடி தற்செயலாக அகப்பட்டது. சல்லடை முறை அப்படிப்பட்ட ஜோடிகளைத் திட்டமிட்டு உண்டாக்குகிறது.

1817-ஐ எடுங்கள். 43-இன் வர்க்கத்தை 1817-ஆல் வகுத்தால் மீதி 32. 47-இன் வர்க்கத்துக்கு மீதி 392. தனித்தனியே இரண்டும் முழு வர்க்கமல்ல. ஆனால் 32 × 392 = 12544, அது 112-இன் வர்க்கம். 43 × 47 = 2021, 1817 போக 204. 204 − 112 = 92. 92-க்கும் 1817-க்கும் மீ.பொ.வ. 23. ஆகவே 1817 = 23 × 79.

பெரிய எண்ணுக்கும் இதே வேலைதான். சிறிய பகா எண்களாக உடையும் மீதிகளை ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் சேர்த்து, எவற்றைப் பெருக்கினால் எல்லா அடுக்குகளும் இரட்டைப்படையாகும் என்று ஒரு பெரிய அணியைத் தீர்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். 1981-ல் கார்ல் பொமரன்ஸ் வகுத்த இருபடிச் சல்லடை 100 இலக்கம் சுற்றி வரைக்கும் நல்லது. அதற்கு மேல் எண்புலச் சல்லடை. கருவிகளில் யாஃபு, எம்சீவ் இரண்டும் முதலாவதற்கு, காடோ-என்எஃப்எஸ் இரண்டாவதற்கு.

ஓடவிடும்போது லேப்டாப்பை மெத்தைமேல் வைக்காதீர்கள், காற்று போகும் வழி அடைபட்டுச் சூடேறினால் வேகம் தானாகக் குறையும். நடுவில் கரன்ட் போனால் பயப்பட வேண்டாம், சேர்த்த மீதிகளைக் கோப்பில் எழுதிக்கொண்டேதான் இருக்கும். அந்தக் கோப்பைக் குப்பை என்று அழித்துவிடாமல் அதே ஃபோல்டரிலிருந்து மறுபடி ஓட்டுங்கள்.

9. உடைந்த துண்டுகளைச் சோதிப்பது

எந்தப் படியில் உடைந்தாலும் இரண்டு துண்டும் நேராக மூன்றாம் படிக்குத் திரும்பிப் போக வேண்டும். ‘காரணி’ வேறு, ‘பகாக் காரணி’ வேறு. 1729-இல் கிடைத்த 133-ஐப் பகா எண் என்று எழுதிவைத்தவர்கள் உண்டு. முடிவில் எல்லாவற்றையும் பெருக்கி மூல எண்ணோடு ஒப்பிடுங்கள்.

10. எங்கே நிறுத்துவது

60, 70 இலக்கம் சாதாரண லேப்டாப்பில் சில நிமிடத்துக்குள் முடிகிற வேலை. 100 இலக்கம் என்றால் சில மணி நேரம். இருபடிச் சல்லடையில் ஏறக்குறைய 3 இலக்கம் கூடினாலே நேரம் இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். என் அனுபவத்தில் 110 இலக்கத்துக்கு மேல் தனி லேப்டாப்பில் உட்காருவது வீண்.

யாராவது ஒருவர் வங்கித் தளத்தின் சாவியிலிருந்து ந-வை எடுத்துக்கொண்டு வருவார், எல்லா வகுப்பிலும் ஒருவர் உண்டு. 2048 பிட் சாவி என்றால் அது 617 இலக்கம். ஆர்எஸ்ஏ போட்டிக்கென்று வெளியிடப்பட்ட எண்களில் 250 இலக்க எண் 2020 பிப்ரவரியில் உடைந்தது. அதற்கே சுமார் 2,700 கோர்-ஆண்டு, அதாவது ஒரே பிராசசர் கோர் தனியாகச் செய்தால் 2,700 ஆண்டு ஆகும் வேலை. பீட்டர் ஷோர் 1994-ல் குவாண்டம் கம்ப்யூட்டருக்கு ஒரு வேகமான முறை கொடுத்தார், ஆனால் இந்த அளவு எண்ணில் அதை ஓட்டும் இயந்திரம் இன்னும் இல்லை. ஆகவே 617 இலக்க எண் வந்தால் முதல் ஆறு படிகளைச் செய்துவிட்டு, ஈசிஎம்மில் 30 இலக்கம் வரை தேடிவிட்டு மூடிவிடுங்கள். சல்லடையைத் தொடவே வேண்டாம்.

நிறுத்தும் எந்த எண்ணுக்கும் ஒரு சின்னக் குறிப்பு எழுதிவையுங்கள்: எது வரை வகுத்தாயிற்று, ரோவில் எத்தனை படி, ப − 1-க்கு எல்லை எவ்வளவு, ஈசிஎம்மில் எந்த எல்லையில் எத்தனை வளைவு. அடுத்து அந்த எண்ணை எடுப்பவர், அது நீங்களாகவே இருந்தாலும், அந்த இடத்திலிருந்து தொடரலாம்.